செக்குபந்தியைப் பார்த்துவிட்டுப் படி

சட்டம் படிக்கப் போகிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் முதலில் கேட்பது எந்தெந்தப் புத்தகம் வாங்க வேண்டும் என்றுதான். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் மனதில் இருக்கும் கேள்வி வேறு. பன்னிரண்டாம் வகுப்பு வரை வகுப்பில் முதலாவதாக வந்த பெண் அங்கே போனதும் ஏன் வாய் திறக்காமல் ஆகிவிடுகிறாள், தீபாவளிக்கு வந்தவள் திரும்பிப் போகமாட்டேன் என்று ஏன் அழுகிறாள், அதைத்தான் கேட்க வருகிறார்கள். எனக்கும் அப்படி ஓர் ஆண்டு இருந்தது. 2009 ஜூலையிலிருந்து 2010 கோடை வரை, ஹைதராபாத்துக்கு வெளியே ஷாமீர்பேட்டையில், நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தில்.

நல்சார் 1998-ல் தொடங்கியது. நான் சேர்ந்தபோது சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு வந்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. 2008-க்கு முன்பு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாகப் போய்த் தேர்வு எழுத வேண்டும். சங்கரன்கோவிலிலிருந்து பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போபாலுக்கும் மகளை அனுப்பித் தேர்வு எழுத வைக்க எங்கள் வீட்டில் வசதி இல்லை. ஒரே தேர்வு என்றானதால்தான் நான் போனேன். செகந்திராபாத் ஜூபிலி பஸ் நிலையத்தில் ஏறினால் அல்வால், ஹகீம்பேட்டை தாண்டிக் கரீம்நகர் சாலையில் ஷாமீர்பேட்டை வரும். ஏரி, அதைச் சுற்றிப் பாறைகள், பிறகு வளாகம். நகரத்தில் படிக்கப் போகிறாள் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். நகரம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை, ஒரு பெஞ்சு, பிற்காலத்தில் ஒரு கணினி. பத்தாம் வகுப்பு வரை நான் தமிழ் வழியில் படித்தவள். அதன்பிறகு ஆங்கிலத்தைப் படிக்கவும் எழுதவும் தேறிக்கொண்டேன், பேசும் பழக்கம் மட்டும் இல்லை. டெல்லியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைத் தொடங்கிவிடுவார்கள். அந்த வேகத்தை அறிவு என்று நினைத்து ஒடுங்கிப்போகிறவர்கள் எல்லாச் சட்டக் கல்லூரியிலும் உண்டு. அது பேச்சுப் பழக்கம், அவ்வளவுதான். ஒன்றிரண்டு பருவங்களில் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. முதல் ஆண்டில் சம்பாதிக்க வேண்டியது வாசிப்பு. அது தானாக வருவதில்லை.

ஒப்பந்தச் சட்ட வகுப்பின் ஆரம்ப வாரங்களில் ஒரு பழைய மெட்ராஸ் வழக்கைக் கொடுத்தார்கள். சின்னையா எதிர் ராமையா, 1880-களில் மெட்ராஸ் உயர்நீதிமன்றம் தீர்த்தது. ஒரு வயதான பெண்மணி தன் நிலத்தை மகளுக்குத் தானமாக எழுதிக் கொடுக்கிறார். தன் உடன்பிறப்புகளுக்கு மகள் ஆண்டுதோறும் 653 ரூபாய் கொடுத்துவர வேண்டும் என்பது நிபந்தனை. அன்றைக்கே மகளும் கொடுப்பதாக எழுதிக் கொடுக்கிறாள். பிறகு கொடுக்க மறுக்கிறாள். உங்களிடமிருந்து எனக்கு எதுவும் வரவில்லையே, எதற்காக நான் உங்களுக்குப் பணம் தர வேண்டும் என்பது அவள் வாதம். இங்கிலாந்துச் சட்டப்படி பார்த்தால் அவள் பக்கம் நியாயம் இருக்கிறது; வாக்குறுதியைப் பெறுகிறவர்தான் அதற்கான மறுபயனைத் தந்திருக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அவரோ வேறு எவரோ தந்திருந்தாலும் போதும் என்று பிரிவு 2(டி) சொல்கிறது. தாய் கொடுத்த நிலமே போதும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதை இப்போது ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சில பக்கத் தீர்ப்பில் ஓர் இரவு போனது. மறுநாள் மாலை அப்பாவுக்குப் போன் செய்து, ஒன்றுமே புரியவில்லை என்றேன். கதையைச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“அட, இது செட்டில்மென்ட் பத்திரம்லா தாயி! நம்ம பக்கம் அண்ணன் தம்பிக்கு வருஷம் இத்தனை கோட்டை நெல்லுன்னு போட்டு எழுதுவாங்க. நீ எங்கருந்து படிக்க ஆரம்பிச்ச?”

“முதல் வரியிலேருந்துதான்ப்பா.”

“அப்படிப் படிச்சா விடியுத மட்டும் படிக்கணும். ஒரு பத்திரம் கையில வந்தா மொதல்ல செக்குபந்தியப் பாரு. நாலு பக்கமும் யாரு இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டு உள்ள போ.”

செக்குபந்தி என்பது சொத்தின் நான்கு எல்லை. வடக்கே இன்னார் நிலம், கிழக்கே வாய்க்கால், தெற்கே பொதுப்பாதை, மேற்கே இன்னார் வீடு. அன்றிலிருந்து எந்தத் தீர்ப்பை எடுத்தாலும் முதலில் அதன் நான்கு எல்லையைத் தேடினேன். வழக்குப் போட்டவர் யார், யார் மேல் போட்டார், என்ன கேட்டார், கீழ்க்கோர்ட்டில் யார் ஜெயித்தார். இந்த நான்கும் ஒரு துண்டுத்தாளில் ஏறும்வரை சட்டப் பகுதிக்குள் போவதில்லை. முதல் ஆண்டுக்காரர்கள் தடுமாறுவது பெரும்பாலும் சட்டத்தில் இல்லை. யார் பேசுகிறார் என்பதில்தான். வக்கீலின் வாதத்தை நீதிபதி எடுத்துச் சொல்லும் பத்தியை நீதிபதியின் முடிவென்று படித்துவிடுகிறோம். மேல்முறையீட்டில் வாதியும் பிரதிவாதியும் இடம் மாறி நிற்பதைக் கவனிப்பதில்லை. எல்லையைக் குறித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் போய்விடும்.

போனை வைக்கும் முன் அப்பா கேட்டார்: “சொத்த எழுதிக் குடுத்த பொறவு அந்தக் கெழவி எங்க இருந்தா? மக சோறு போட்டாளா?” தீர்ப்பில் நான் தேடிப் பார்த்த மட்டும் அதற்குப் பதில் இல்லை. அது நீதிமன்றத்துக்குத் தேவைப்படாத கேள்வி. ஆனால் அந்தக் கேள்வி இல்லாமல் சட்டம் படிக்கக் கூடாது என்று எனக்கு அன்றைக்கே தோன்றிவிட்டது.

முதல் ஆண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் மொஹோரி பீபி வழக்குத் தெரியும். 1903, பிரிவி கவுன்சில், மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது. மொஹோரி பீபி யார் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் விழிப்பார்கள். கல்கத்தாவில் தர்மோதாஸ் கோஷ் என்ற வயது நிரம்பாத இளைஞன் 1895-ல் 20,000 ரூபாய்க்குத் தன் சொத்தை அடமானம் எழுதிக் கொடுத்தது பிரம்மோ தத் என்ற வட்டிக்கடைக்காரரிடம். வழக்கு முடிவதற்குள் பிரம்மோ தத் இறந்துவிட, அவருடைய இடத்தில் நின்று மேல்முறையீட்டை நடத்தியவர் மொஹோரி பீபி. இதைவிட முக்கியமானது, பையன் மைனர் என்பது அடமானத்தை முடித்துக் கொடுத்த அட்டர்னிக்கு முன்பே தெரியும் என்பது. கைடுகளில் இது இரண்டு வரி. தீர்ப்பைப் படித்தால்தான் இது ஏன் தலைகீழாகத் தீரவில்லை என்று விளங்கும். அதே மாதிரி 1919-ன் பால்ஃபர் வழக்கு. கணவர் இலங்கையில் அரசாங்கத்தின் நீர்ப்பாசனப் பொறியாளர். உடல்நலம் குன்றிய மனைவி மருத்துவர் சொன்னதால் இங்கிலாந்திலேயே தங்குகிறார். மாதம் 30 பவுண்டு தருவதாகக் கணவர் சொல்கிறார், பிறகு தரவில்லை. கணவன் மனைவிக்குள் பேசிக்கொள்வது ஒப்பந்தம் ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கலாம். அந்தப் பெண்ணின் கையில் அதன்பிறகு என்ன இருந்தது என்று யோசித்தால், சட்டம் எந்த இடத்தில் கதவை மூடிக்கொள்கிறது என்பது தெரியவரும்.

குறிப்புகளை நான் தமிழில் எழுதினேன். பக்கத்து அறைத் தோழி, தேர்வில் ஆங்கிலத்தில்தானே எழுத வேண்டும், இரட்டை வேலை எதற்கு என்று கேட்டாள். தமிழில் எழுதும்போது புரியாததைப் புரிந்த மாதிரி தாண்டிப் போக முடிவதில்லை. ஆங்கிலத்தில் தீர்ப்பின் சொற்களையே திருப்பி எழுதிவிட்டுப் புரிந்துவிட்டதாக நம்பிவிடுவேன். பிற்பாடுதான் மாயூரம் வேதநாயகம் பிள்ளை இதைச் செய்திருப்பது தெரிந்தது. முன்சீப்பாக இருந்த அவர் 1860-களின் தொடக்கத்தில் சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். பிரதாப முதலியார் சரித்திரத்துக்கு முன்பே அவர் செய்த வேலை அது. ஹைதராபாத்தும் இதற்குச் சாட்சி சொல்லும் நகரம். 1918-ல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் சட்டம் உட்பட எல்லாமே உருதுவில் கற்பிக்கப்பட்டன. நிஜாமின் நீதிமன்றங்களில் வக்கீல்கள் உருதுவில் வாதாடினார்கள். மூசி நதிக்கரையில் நிற்கும் அந்தச் செந்நிற உயர்நீதிமன்றக் கட்டடம் ஆங்கிலம் இல்லாமலேயே நீதி பேசிய காலம் உண்டு. தாய்மொழியில் யோசித்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு நான் இதை அழுத்திச் சொல்வேன். முதலில் உங்கள் மொழியில் வழக்கைச் சொல்லிப் பாருங்கள். அம்மாவிடம் சொல்ல முடிந்தால் ஆசிரியரிடமும் சொல்ல முடியும்.

புத்தகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தந்தச் சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள பேர் ஆக்ட், ஒரு பாடத்துக்கு ஒரு நல்ல நூல், போதும். தடித் தடியான உரைநூல்கள் நூலகத்தில் இருக்கின்றன. கோட்டியில் பழைய புத்தகக் கடைகள் உண்டு, ஞாயிறன்று அபிட்ஸ் நடைபாதையிலும் விரித்து வைத்திருப்பார்கள். பழைய பதிப்பு வாங்கினால் திருத்தங்களைப் பென்சிலில் குறித்துக்கொள்ள வேண்டும். அப்படிக் குறிக்கிற வேலையும் ஒரு படிப்புத்தான்.

அடுத்தது, கோர்ட்டுக்குப் போய்ப் பார்ப்பது. இதை எந்தப் பாடத்திட்டமும் முதல் ஆண்டில் கட்டாயமாக்கி நான் பார்த்ததில்லை. கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு சீனியர் அக்கா எங்களுக்கு வகுப்பு இல்லாத நாள் ஒன்றில் எங்கள் நாலைந்து பேரை நாம்பள்ளி குற்றவியல் நீதிமன்றங்களுக்குக் கூட்டிப்போனார். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டுமே படித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த வராந்தா வேறு உலகம். ஜாமீனுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள், தூக்குச்சட்டியில் சாப்பாடு, பெயர் கூப்பிடும் டவாலி. உள்ளே ஒரு மாஜிஸ்திரேட் முன்னால் காய்கறி விற்கிற ஓர் அம்மா சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். தெலுங்கும் தக்கினியும் கலந்த பேச்சு. எங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிற வீடுகள் உண்டு என்பதால் எனக்குப் பாதி புரிந்தது, மீதியை அக்கா காதோரம் சொன்னார். அன்று காலை கடை விரித்தது, மழை வந்தது, தார்ப்பாய் எடுக்கத் திரும்பியது, சத்தம் கேட்டது, கூட்டம் கூடியது, தான் பயந்துபோனது என்று அந்த அம்மா நீளமாகச் சொன்னார். மாஜிஸ்திரேட் பொறுமையாகக் கேட்டார். பிறகு டைப்பிஸ்டுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: சம்பவத்தை நான் நேரில் பார்க்கவில்லை, சத்தம் கேட்டேன். இரண்டு வாக்கியம். அடுத்த கேள்வி.

அவர் செய்தது தவறில்லை. வழக்குக்குத் தேவையானது அவ்வளவுதான். ஆனால் நான் நூலகத்தில் படிக்கும் ஒவ்வொரு தீர்ப்பிலும் ‘சம்பவத்தின் சுருக்கம்’ என்று வரும் பத்தி இந்த மாதிரி ஓர் அறையில்தான் தொடங்குகிறது என்பதை அன்று பார்த்தேன். மழையும் தார்ப்பாயும் பயமும் அந்த அறையிலேயே நின்றுவிடுகின்றன. மேல்கோர்ட்டுக்குப் போகப்போக அவை இன்னும் குறையும். வழக்கின் உண்மைகள் என்று நாம் அடிக்கோடிடுவது, யாரோ ஒருவர் எது தேவை என்று முடிவுசெய்து எழுதவைத்தது. அதன்பிறகு எந்தத் தீர்ப்பைப் படித்தாலும் இந்தப் பத்தியில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று தேடும் பழக்கம் வந்தது.

அந்த அக்டோபர் 8-ஆம் தேதி கே. பாலகோபால் காலமானார். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று வாரங்கல் காகதீயப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர், மனித உரிமைப் போராட்டத்துக்குள் வந்து, நாற்பதைத் தாண்டிய பிறகு வழக்கறிஞரானவர். எனக்கு அதுவரை அவர் பெயர் தெரியாது. சீனியர்கள் சிலர் அஞ்சலிக்குப் போய்விட்டு வந்து இரவு வெகுநேரம் அவரைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் பேச்சில்தான் கே.ஜி. கண்ணபிரானின் பெயரும் வந்தது. 1929-ல் மதுரையில் பிறந்து ஹைதராபாத்தில் வழக்காடியவர், பியூசிஎல் என்ற குடிமை உரிமை அமைப்பின் தேசியத் தலைவராக இருந்தவர். எங்கள் பக்கத்து மனிதர் இந்த ஊரில் என்ன செய்தார் என்று அறியும் ஆவலில் நூலகத்தில் தேடத் தொடங்கியவள் 1978-ன் ரமீஸா பீ வழக்கில் வந்து நின்றேன்.

அந்த ஆண்டு மார்ச் மாதம் ஹைதராபாத்தில் இரவுச் சினிமா பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ரமீஸா பீயைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். நல்லகுண்டா காவல் நிலையம். அவர் பாலியல் வன்முறைக்கு ஆளானார். தட்டிக்கேட்ட கணவர், ரிக்‌ஷா ஓட்டும் அகமது ஹுசைன், அடித்துக் கொல்லப்பட்டார். நகரம் கொந்தளித்தது. நீதிபதி முக்தாதர் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. அதன்முன் ரமீஸா பீக்காக வாதாடியவர் கண்ணபிரான். ரமீஸா பீயின் நடத்தையைக் கேவலப்படுத்தச் சாட்சிகளை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அத்தனையையும் மீறிப் போலீசார் குற்றவாளிகள் என்று கமிஷன் சொன்னது. பிறகு வழக்குக் கர்நாடகத்தின் ராய்ச்சூருக்கு மாற்றப்பட்டு, அங்கே அவர்கள் விடுதலையானார்கள். ஒரே சம்பவம். ஓர் இடத்தில் குற்றம், இன்னோர் இடத்தில் விடுதலை. எந்த உண்மையை யார் பதிவில் ஏற்றினார்கள் என்பதே வித்தியாசம்.

காவல் நிலையத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான மதுரா என்ற சிறுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு போலீசாரை விடுவித்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். உடலில் காயம் இல்லை, எதிர்த்ததற்கு அடையாளம் இல்லை என்றது தீர்ப்பு. உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் 1979-ல் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அவர்கள் புதிய சாட்சி எதையும் கொண்டுவரவில்லை. தீர்ப்பில் இருந்த அதே உண்மைகளைத் திரும்பப் படித்தார்கள். இரவில், காவல் நிலையத்துக்குள், இரண்டு போலீசாருக்கு நடுவே ஓர் ஏழை ஆதிவாசிச் சிறுமி எப்படி எதிர்த்திருக்க முடியும் என்று கேட்டார்கள். நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண் தனக்குச் சம்மதம் இல்லை என்று சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றே தொடங்க வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தில் 114ஏ வந்தது. அந்த மடலை முதல் ஆண்டிலேயே படித்துவிட வேண்டும். ஒரு தீர்ப்பைக் கவனமாகப் படிப்பதற்கு எவ்வளவு வலிமை என்பதை அதைவிட நன்றாக எதுவும் எனக்குக் கற்பிக்கவில்லை.

2009 டிசம்பரில் தெலங்கானா போராட்டம் உச்சத்துக்குப் போனது. பந்த் நாட்களில் பஸ் கிடையாது, வளாகத்தை விட்டு வெளியேறவும் வழியில்லை. அந்த நாட்களில்தான் அடிலாபாத் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்தியிருப்பதைக் கவனித்தோம். அவன் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவன். கேட்டால் தலைவலி என்பான். நாங்கள் மூன்று பேர் தினமும் அவன் இருக்கும் இடத்துக்கே தட்டைக் கொண்டுபோய் உட்கார்ந்து, ஆளுக்கொரு வழக்கைச் சொல்ல ஆரம்பித்தோம். யாரும் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. அவரவர் வழக்கை அவரவர் மொழியில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். அவன் தெலுங்கில் சொன்ன வழக்குகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தனியாகப் படிப்பவர்கள் ரேங்க் வாங்கலாம். முதல் ஆண்டைத் தாண்டக் கூட நாலு பேர் வேண்டும். யாராவது மெஸ்ஸில் தென்படவில்லை என்றால் அன்றைக்கே போய்ப் பாருங்கள், தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். 2010-ல் ஷம்நாத் பஷீர் தொடங்கிய ஐடிஐஏ அமைப்பு இப்படிப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புகிறது, அனுப்பிய பிறகும் கூட நிற்கிறது. அவர் 2019-ல் மறைந்தார். அந்த வேலை தொடர்கிறது.

மூட் கோர்ட் எனப்படும் மாதிரி நீதிமன்றப் போட்டியில் முதல் ஆண்டில் சேர வேண்டுமா என்று கேட்கிறார்கள். சேருங்கள். தோற்றாலும் ஒரு மனுவை எழுதிப் பழகியிருப்பீர்கள். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்தாண்டுப் படிப்பில் மொத்தம் 20 வாரமாவது பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. முதல் கோடையிலேயே பெரிய சட்ட நிறுவனத்துக்கு விண்ணப்பிப்பதைவிட உங்கள் ஊர் முன்சீப் கோர்ட் வக்கீல் ஒருவரிடம் போவது நல்லது. நான் திருநெல்வேலியில் ஒரு சிவில் வக்கீல் அலுவலகத்துக்குப் போனேன். முதல் நாளே ஒரு பாகப்பிரிவினை வழக்குக் கட்டைக் கையில் கொடுத்து, தேதிவாரியாக என்னென்ன நடந்தது என்று ஒரு பட்டியல் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். வாதி, பிரதிவாதிகள், சொத்து, யார் எப்போது ஆஜரானார் என்று குறித்துக்கொண்டே போனபோது ஏழாவது பிரதிவாதிக்கு மட்டும் எதுவும் இல்லை. அவர் இறந்துபோன மகன் ஒருவரின் மனைவி, கோவில்பட்டிப் பக்கம் பிறந்த வீட்டில் இருப்பவர். சம்மன் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. வக்கீல் சாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை புரட்டினார். “இந்தம்மாவுக்கும் இதுல பங்கு உண்டும்மா” என்றார். மறுநாள் கோவில்பட்டி முகவரிக்குச் சம்மன் அனுப்பக் கேட்டு மனுப் போட்டோம். அந்த மனுவை டைப் செய்தது நான்தான்.